என் கெப்பில் டேங்க் மோட்டரே கிடையாது: பழைய டீசல் கெப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் பழைய டீசல் கெப் (பிக்அப் வாகனம்) வைத்துத் தொழில் பார்க்கிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு கராஜில் 96,000 ரூபாவையும் அப்பா காலத்து நல்ல டீசல் பம்பையும் பறிகொடுத்துவிட்டேன். உண்மையான பழுது ஆறு அங்குல ரப்பர் குழாய் ஒன்றில் இருந்தது.

என்னுடையது 90களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். எஞ்சின் வகையின் பெயர் 3எல், அளவு 2.8 லிட்டர். கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் கடைக்குப் புறக்கோட்டையிலிருந்து சாமான் ஏற்றுவது இதில்தான். மழை தொடங்கிய நேரத்தில் காலையில் ஸ்டார்ட் எடுப்பது கரைச்சலாகிவிட்டது. செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டும். இருமி இருமிப் பிடிக்கும், ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஓடும், அதன் பிறகு எந்தக் குறையும் தெரியாது. புறக்கோட்டையில் அரை மணித்தியாலம் நிறுத்தி சாமான் ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பினால் உடனே பிடிக்கும். இரவு முழுக்க நின்றால்தான் பிரச்சினை. ஹீட்டர் பிளக் நான்கையும் சோதித்தேன், நான்கும் சரி.

எங்கள் வழக்கமான பாஸ் (மெக்கானிக்) 2022 நெருக்கடிக்குப் பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு கராஜுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த ஆள் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, டேங்க் மோட்டர் வீக்கா இருக்கும், கொண்டு வாங்க பாப்பம்."

அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். என் கெப்பில் டேங்க் மோட்டர் என்று ஒன்று இல்லவே இல்லை. அது அப்போது எனக்குத் தெரியாது.

பெற்றோல் இன்ஜெக்‌ஷன் வாகனங்களில் டேங்குக்குள் மின்சார மோட்டர் இருக்கும். காபரேட்டர் உள்ள பழைய பெற்றோல் கெப்களில் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறிய பம்ப் இருக்கும். எஞ்சினுக்குள் சுற்றும் கேம் தண்டு தள்ளத் தள்ள அது இழுக்கும். என்னுடையது போன்ற டீசல் எஞ்சினில் கதை வேறு. டைமிங் பெல்ட் சுற்றும் டீசல் பம்பின் வயிற்றுக்குள்ளேயே இன்னொரு சிறிய பம்ப் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவது அதுதான். வழியில் ஃபில்டர், ஃபில்டர் தலையில் கைப் பம்ப். பிறகு அதே பெரிய பம்ப் டீசலை 100 பாருக்கு மேல் அழுத்தி நான்கு இரும்புக் குழாய்களால், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களுக்கு அனுப்பும். மிஞ்சுவது டேங்குக்கே திரும்பிப் போகும். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் தள்ளுவதற்கு ஆளில்லை, உறிஞ்சல் மட்டும்தான். நான் ஏமாந்தது இதைத் தெரியாததால்தான்.

கராஜில் எஞ்சினை முறுக்கிப் புகையைப் பார்த்தார்கள். "பம்ப் போயிட்டு அண்ணே. மண்ணெண்ணெய் கலந்த டீசல் அடிச்சிருக்கீங்க." நான் பேச்சிழந்து நின்றேன். 2022இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், யாரிடமோ கேனில் வாங்கி ஊற்றினது உண்மை. அந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, டீசல்தான் அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெய் கலந்தால் தேயும் என்பதும் சரிதான். உண்மையான ஒரு விஷயத்தை வைத்துப் பொய்க்கு முட்டுக்கொடுத்தார்கள், நான் நம்பினேன். பம்பைக் கழற்றி, பம்ப் திருத்துகிற பம்ப் ரூமுக்கு அனுப்பி ஓவர்ஹோல் செய்வதாகச் சொன்னார்கள். இரண்டு நாள். பில்லில் ஒரே ஒரு வரி: "பம்ப் வேலை 96,000."

மூன்றாம் நாள் காலையில் பழைய கதை. போன் எடுத்தேன். "புதுசா போட்ட பம்ப் அண்ணே, செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார். புதுசா போட்டதா? நான் கொடுத்தது என் பம்பைத் திருத்தத்தானே? பொனட்டைத் திறந்து பார்த்தேன். டைமிங் பெல்ட் மாற்றியபோது அப்பா பம்பின் உடம்பில் பச்சைப் பெயின்றால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அது இல்லை. அன்றைக்கு எடுத்த படம் என் போனில் இருந்தது. அதில் பம்பின் தகட்டு இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. இப்போது இருக்கும் தகட்டில் வேறு இலக்கம். நேரில் போய்க் கேட்டபோது, "உங்கட பம்ப் உடம்பு வெடிச்சிருந்தது, உங்களுக்கு உதவியா வேற ஒண்டு போட்டுத் தந்தம்" என்றார்கள். வெடித்த பம்பைக் காட்டுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

பிறகு மட்டக்குளியில் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் பொனட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார், "ஆரம்பத்துல எப்பிடி தம்பி? ஆறினாக் கரைச்சலா, சூட்டுல கரைச்சலா?"

"ஆறினாத்தான் ஐயா."

"அப்ப அது பம்ப் இல்ல, காத்து."

பம்பின் தலை, அதாவது டீசலை அழுத்தும் பகுதி, தேய்ந்தால் தொந்தரவு சூட்டில்தான் முதலில் தெரியுமாம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியால் கசிந்துவிடும், செல்ஃப் சுற்றுகிற வேகத்துக்கு அழுத்தம் ஏறாது. அப்படிப் பிடிக்காத வண்டிக்குப் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஆறவிட்டால் பிடித்துவிடும். எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டீசலோடு சேர்ந்து குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. அடுத்து, டேங்க் பக்கத்தை விட்டுவிட்டு, குழாயை நேரே ஒரு கேன் சுத்தமான டீசலில் விட்டார். குமிழ் நின்றது, எஞ்சின் சீராக ஓடியது. ஆக, காலைக் கரைச்சலுக்குக் காரணம் பம்ப் இல்லை; காற்று நுழைவது கேன் வைத்தபோது விட்டுவிட்ட டேங்க் பக்கத்தில். ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயை ஃபில்டரோடு இணைக்கும் ரப்பர் குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி வளைத்தபோது வெடிப்பு வாய் பிளந்தது.

கீழே ஒரு சொட்டு டீசல்கூடக் கண்டதில்லையே என்று கேட்டேன். உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும் என்றார். இரவில் அந்த வெடிப்பால் காற்று ஏற, டீசல் தாழ்வில் இருக்கும் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் வெறும் காற்றை மென்றுகொண்டிருக்கும். காற்று அமுங்குமே தவிர நொசிலைத் திறக்காது. குழாய், இரண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 2,500 ரூபா வாங்கினார். அதற்கும் தயங்கித் தயங்கித்தான்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரைக்கும் இழுத்ததில், நம்மைப் போன்றவர்கள் பழையதையே கட்டி ஓட்டினோம். நல்ல நிலையில் உள்ள பழைய பம்புக்குக் கொழும்பில் கிராக்கி அதிகம். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விலை கேட்டுப் பார்த்தால் தெரியும். யாராவது உங்கள் பம்பில் கை வைக்கப் போனால் தகட்டு இலக்கத்தைப் படம் எடுங்கள், நீங்களும் ஒரு குறி வையுங்கள், கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு முன்னால் கேன் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை. மறுக்கிற ஆளிடம் வண்டியை விட வேண்டாம். பில்லில் என்ன பாகம், என்ன இலக்கம், பழையது திருப்பித் தரப்பட்டதா என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருந்த அந்த ஒற்றை வரிதான் இப்போது என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் எடுக்கிறது. ஆனால் புறக்கோட்டையில் நிறுத்திவிட்டுச் சூட்டோடு திருப்பினால் பிடிக்க மறுக்கிறது. ஈரத் துணி ஒன்றை சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன். எனக்குப் போட்டுத் தந்தது தேய்ந்த பம்ப்.

3எல் எஞ்சினுக்குப் பழைய பம்ப் தேடுகிற யாருக்காவது, உடம்பில் பச்சைப் பெயின்ற் புள்ளி உள்ள ஒன்றைக் காட்டினால், தயவுசெய்து தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் படத்தோடு இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அது என் அப்பாவின் பம்பாக இருக்கலாம்.