உதகை அறையில் இரவுச் சமையல்: பானை, பிரஷர் குக்கர், எலக்ட்ரிக் குக்கர்

படிப்புக்காகவோ முதல் வேலைக்காகவோ உதகைக்கு வந்து, காந்தலிலோ பிங்கர்போஸ்ட் பக்கமோ மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அறை எடுக்கும் இளைஞர்களின் இரவுச் சமையலில், ஒரு விபத்து மட்டும் தவறாமல் நடக்கிறது. சோறு அடி பிடித்திருக்கும். ஆனால் நடுவில் அரிசி அரிசியாகவே இருக்கும். இதைச் சமைத்தவரின் கைக்குற்றம் என்று கேலி செய்வது எளிது. பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, தேர்ந்தெடுத்த பாத்திரத்தில்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஏறாது. புதிதாகச் சமைப்பவர் செய்வதோ அதைத்தான்: பருப்பு வேகவில்லை என்று தீயைக் கூட்டுகிறார்; தண்ணீர் வற்றி அடி கருகுகிறது; பருப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஆகவே மூடியில்லாப் பானை, சோற்றுக்கும் பருப்புக்கும் இந்த மூன்றில் கடைசி இடத்தையே பெறும். நிறையத் தண்ணீர் வைத்து, அரிசியை முன்கூட்டியே ஊறவைத்து, பொறுமையாக வேகவிட்டு வடிக்கத் தெரிந்தவருக்குப் பானைச் சோறு இங்கும் நன்றாகவே வரும். ஆனால் மாலை ஏழு மணிக்குப் பசியோடு வந்து நிற்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. காய்களைப் பொறுத்தவரை கதை வேறு. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று உழவர் சந்தையில் வாங்கி வரும் காய்களைச் சற்றுச் சிறிதாக நறுக்கி, மூடி போட்டு வேகவிட்டால் பானையே போதும்; அவற்றைக் குக்கரில் போட்டுக் கூழாக்குவது, நல்ல காய் விளையும் ஊரில் இருந்துகொண்டு செய்யக்கூடாத வேலை.

பிரஷர் குக்கர் இந்த மலையின் குறையை நேரடியாகவே ஈடு செய்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்வதால், உள்ளே வெப்பம் 115 டிகிரிக்கும் மேலே போகிறது. சமவெளியில் அதே குக்கர் 120 டிகிரியைத் தொடும் என்பதால் சிறு வித்தியாசம் எஞ்சி நிற்கிறது. வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்லும் ‘மூணு விசில்’ கணக்கு இங்கே பொய்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் விசிலே நம்பத்தக்க அளவு அல்ல என்பது. தீயின் அளவுக்கும் உள்ளே இருக்கும் நீருக்கும் ஏற்ப அது முந்தியும் பிந்தியும் வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதன் பின் கடிகாரத்தைப் பார்த்து, ஊரில் வேகவிடும் நேரத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக விடுவதே சரியான முறை.

குக்கரால் வரும் விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு, தன்மையில் பெரியவை. துவரம்பருப்பைக் கழுத்துவரை நிரப்பினால் நுரை பொங்கி ஆவித் துளையை அடைக்கும். பருப்பு வகைக்குப் பாதிப் பாத்திரமே எல்லை. அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டு, மேற்கூரையில் சாம்பார் அடித்து, வீட்டு உரிமையாளரிடம் விளக்கம் சொன்ன அறைகள் உதகையில் நிச்சயம் பல இருக்கும். ஆவி தானாக அடங்கும்வரை காத்திருப்பதைப் பழகிக்கொண்டால், மற்ற இரண்டையும்விட இதில் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு.

எலக்ட்ரிக் குக்கர் பார்ப்பதற்குத்தான் மிகவும் பாதுகாப்பானது. சமவெளியில் அதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் மூடி அழுத்தத்தைத் தேக்குவதில்லை. அரிசி நீரை உறிஞ்சி முடித்து அடிப்பாகத்தின் சூடு ஏறியதும் விசை தானாக மேலே தட்டிவிடும். அதுவரை அரிசி வெந்ததெல்லாம் 93 டிகிரிக்குள்தான் என்பதால், விளக்கு மாறிய பின்னும் சோற்றின் நடுவில் கல் போல ஒன்று பல்லில் தட்டுப்படும். பச்சரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சற்றுக் கூட்டி, விசை தட்டிய பிறகும் கால் மணி நேரம் மூடியே வைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். புழுங்கலரிசிக்கு இது கைகொடுப்பது அரிது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளில் முழுக்கவே கைவிட்டுவிடும்.

எனவே சேர்ந்து பணம் போட்டு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரையே வாங்க வேண்டும். முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிறு சிலிண்டர் அதற்குப் போதுமானது. குளிருக்காகச் சன்னலை முற்றிலும் அடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வீட்டு உரிமையாளர் எரிவாயுவை அனுமதிக்காமல் எலக்ட்ரிக் குக்கரே கதி என்றாகிவிட்டால், துவரம்பருப்பை மறந்துவிட்டுத் தோல் நீக்கிய பாசிப்பருப்புக்கு மாறிக்கொள்ளலாம். அது 93 டிகிரியிலும் குழைந்துவிடும். ராஜ்மாவை மட்டும் அதில் முயலவே கூடாது. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும்.