பயன்படுத்திய பஸாத் பி8: செடானா, வேகனா?
ஐரோப்பியச் சந்தையில் 2014-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாத் காரின் பி8 தலைமுறையைப் பழையதாக வாங்குவதென்றால் வேகனையே (கூரை பின்பக்கம் வரை நீண்ட வகை) எடுங்கள். டிக்கி செடானில் 586 லிட்டர், வேகனில் 650. கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் செடானின் டிக்கி வாய் குறுகல், குழந்தை வண்டியைச் சாய்த்துத் திணிக்க வேண்டும். வேகனில் பின்சீட்டை மடக்கினால் 1,780 லிட்டர். அடுத்த தலைமுறையில் ஐரோப்பாவில் செடானையே நிறுத்திவிட்டார்கள்!

கியர்பாக்ஸில்தான் சூட்சுமம். டிஎஸ்ஜி என்பது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 6 கியர் டிஎஸ்ஜியில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச், 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய பில்லைக் கேளுங்கள். சிறிய பெட்ரோல் எஞ்சினோடு வரும் 7 கியர் உலர் கிளட்ச், நெரிசலில் ஊர்ந்தால் சூடேறித் தேயும். கிளம்பும்போது நடுங்கினால் அந்த வண்டி வேண்டாம். டீசலைக் குறுந்தூரமே ஓட்டியிருந்தால் புகை வடிகட்டி கரியால் அடைத்திருக்கும்.