பழைய மலைச் சைக்கிள்: முதலில் பெட்டியா, பட்டறையா?

உறவினர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒன்பது ஆண்டுகளாக நின்றிருந்த என் மலைச் சைக்கிளை எடுத்துவரப் போனபோது, என் முன்னால் இரண்டு கேள்விகள் இருப்பதாக நினைத்தேன். இவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுவருவது என்பது ஒன்று. கொண்டுவந்த பிறகு எப்படி ஓட வைப்பது என்பது மற்றொன்று. ஸ்பேனரைக் கையில் எடுத்த முதல் மணி நேரத்திலேயே இரண்டும் ஒரே கேள்விதான் என்று புரிந்துவிட்டது. பெட்டியில் அடக்குவதற்காக எந்தெந்தப் பாகங்களைக் கழற்றுகிறோமோ, பழுதுபார்ப்பதற்கும் பெரும்பாலும் அவற்றைத்தான் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும். ஆகவே பழைய சைக்கிளைப் பொறுத்தவரை என் கட்சி இது: கழற்றிப் பெட்டியில் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் பழுதுபாருங்கள். மற்ற வழிகளுக்கும் நியாயம் இருக்கிறது. அவற்றையும் பக்கத்தில் வைத்தே பார்க்கலாம்.

பழுது முதலில், பயணம் பிறகு

இருக்கும் இடத்திலேயே சரிசெய்து, ஓடும் நிலையில் அனுப்பினால், உதவாத பிரேமுக்கு வாடகை கொடுக்கும் ஆபத்து இல்லை. ஆனால் அங்கே கோட்டம் எடுத்த வீலும், உரசாமல் நிறுத்திய பிரேக்கும், அளந்து வைத்த கியரும் ஒரே பயணத்தில் கலைந்துபோகலாம். பின் கியர் மாற்றியைத் தாங்கும் காது இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளைந்தாலே போதும், கியர் ஒழுங்காக விழாது. செய்த வேலைக்கே இரண்டாம் முறை கூலி கொடுக்க நேரும்.

பயணத்துக்கு முன் முழுப் பழுது தேவையில்லை, ஒரு பரிசோதனை போதும். பிரேமை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஹேண்டில் தண்டு நுழையும் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பெடல் அச்சைத் தாங்கும் கூட்டைச் சுற்றிய பகுதி, சீட் கம்பி நுழையும் வாய், இந்த மூன்றிலும்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். பெயின்டில் மயிரிழைபோல் ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு கசிந்த தடம் இருந்தால் அது வெறும் கீறல் அன்று. எஃகு பிரேமில் நல்ல கைகாரர் பற்றவைத்துக் காப்பாற்றலாம். அலுமினியத்தில் பற்றவைத்த பிறகு முறையான வெப்பப் பதப்படுத்தலும் வேண்டியிருக்கும் என்பதால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அடுத்தது சீட் கம்பி. என் சைக்கிளில் அது அசையவே இல்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி கிரீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றால், ஈரம் பட்டு இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கிறது. அலுமினியத்தின் மேல் வெள்ளைத் தூளாகப் படியும் ஆக்சைடு பருத்து, கம்பியைக் குழாயோடு கவ்விக்கொள்கிறது. சூடு காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உள்ளே இருப்பது அலுமினியம் என்பதால் சூடு பரவினால் இன்னும் இறுகும். கம்பியின் மேல் பனிக்கட்டி வைத்துக் குளிர வைப்பதே சரி. போல்ட்டை முழுக்கக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை இரவில் விட்டேன், மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பியபோது கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. நகர்ந்தது அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்தச் சத்தத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லில் அடக்க முடியாது. மேல்நோக்கி இழுக்காமல், இடமும் வலமும் திருப்பித் திருப்பி எடுத்ததில் ஒரு மணி நேரத்தில் கம்பி கைக்கு வந்தது.

சைக்கிளை முழுதாகக் காரில் ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்காது. பெட்டிக்காகச் சீட்டை இறக்க வேண்டியிருந்ததால்தான் தெரிந்தது.

காரிலா, பெட்டியிலா?

கார் இருந்து, தூரமும் ஒரு நாளுக்குள் அடங்குமானால், பின் இருக்கையை மடக்கிச் சைக்கிளை உள்ளேயே படுக்க வைப்பதற்கு ஈடான வழி இல்லை. இரண்டு வீலையும் கழற்றி, கியர் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு போர்வையில் கிடத்தினால் போதும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் மட்டும் வீலை எடுத்தவுடன் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மட்டையைச் செருகிவிட வேண்டும். தெரியாமல் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து இறுகிக்கொள்ளும்.

காருக்கு வெளியே மாட்டும் தாங்கிகளில் எனக்கு இரண்டு மனம். வீல்களை ஏந்தி நிற்கும் தட்டு வகை நல்லது. பிரேமின் மேல்குழாயைப் பிடித்துத் தொங்கவிடும் வகை, மேல்குழாய் நேராக இருக்கும் பழைய சைக்கிள்களுக்கு ஒத்துவரும், பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. கூரையில், முன் வீலைத் தாங்கும் கவையான ஃபோர்க்கைப் பிடிக்கும் வகை வாங்குவதாக இருந்தால் அச்சின் அளவைப் பாருங்கள். பழைய சைக்கிள்களில் ஃபோர்க்கின் கால்களுக்கு இடையே 100 மி.மீ., பிடிப்பது ஸ்பேனர் இல்லாமல் லீவரால் கழற்றும் மெல்லிய அச்சு, விரைவுக் கழற்றி என்பார்கள். தடித்த அச்சுகளுக்கென்று செய்த புதிய தாங்கியில் இது நேரடியாகப் பொருந்தாது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் மழை பெய்தால், காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்களைத் தாண்டித் தண்ணீர் நேராகப் பேரிங்குக்குள் போகும். புதுச் சைக்கிள் தாங்கிக்கொள்ளும். பழையது தாங்காது.

ரயிலிலும் பஸ்ஸிலும் முழுச் சைக்கிளாக ஏற்றுவது மலிவு, ஆனால் மற்ற மூட்டைகளுக்கு அடியில் அது படும் பாடு நம் கையில் இல்லை.

இனி பெட்டி. கெட்டி உறைப் பெட்டி, மெத்தை வைத்த பை, புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டி என்று மூன்று இருக்கின்றன. ஆண்டுக்கு நான்கு முறை சைக்கிளோடு பறப்பவர்களுக்குக் கெட்டிப் பெட்டி சரி. ஒரே ஒரு முறை ஒருவழியாகப் போகும் பழைய சைக்கிளுக்கு அட்டைப்பெட்டியே போதும், அதுவே சிறந்தது என்றும் சொல்வேன். காரணம் எடை. பழைய மலைச் சைக்கிள் 13, 14 கிலோ இருக்கும். பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு வைக்கும் வரம்பு 23 கிலோ. கெட்டிப் பெட்டியே 10 கிலோவைத் தொட்டால் வரம்பு அங்கேயே முடிந்துவிடும். அட்டை அதில் பாதி எடைகூட வராது.

கூரியரில் அனுப்பினால் தராசைவிட அளவுநாடாதான் முக்கியம். பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்கின்றன. 140, 75, 20 என்ற அளவுள்ள பெட்டிக்கு அது 42 கிலோ. உள்ளே இருப்பது 18 கிலோதான் என்றாலும் கணக்கு 42-க்குத்தான். எனவே கிடைத்த பெட்டியில் போட்டுவிடாமல், 26 அங்குல வீல் சைக்கிள் வந்த சிறிய பெட்டியைத் தேடிப் பிடியுங்கள்.

கட்டும்போது நான்கைந்து விஷயங்களில் கவனம் வேண்டும். பெடலைக் கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர், இடது பெடலுக்கு எதிர்மரை. இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய் மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. பின் கியர் மாற்றியை 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றித் துணியில் சுற்றிப் பிரேமின் உட்புறம் கட்டிவிடுங்கள். அலுமினிய பிரேமில் அது தொங்கும் காது பெரும்பாலும் தனிப் பாகம். மாடலுக்கு மாடல் மாறுவதால், பழைய பிரேமுக்கு மாற்றுக் கிடைப்பது அரிது. ஃபோர்க்கின் கால்களுக்கு இடையே 100 மி.மீ. கட்டை, பின்னால் 135 மி.மீ. கட்டை. என் பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்து சேர்ந்தது. உள்ளே ஃபோர்க் நேராக இருந்ததற்கு அந்த மரக்கட்டைதான் காரணம். டிஸ்க் தட்டுகள் இருந்தால் கழற்றித் தனியே தட்டையாக வையுங்கள். டயர் காற்றை முழுக்க இறக்காதீர்கள், ரிம்முக்கு மெத்தையாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

கழற்றிய ஒவ்வொரு மரையையும் அப்போதே துடைத்துக் கிரீஸ் தடவிவிட்டால், பழுதுபார்க்கும் வேலையில் நல்ல பங்கு பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

பட்டறையிலா, வீட்டிலா?

முழு ஓவராயிலுக்குப் பட்டறையில் விட்டால் கவலை இல்லை. ஆனால் பழைய சைக்கிளைக் கண்டதும் 'இதற்குச் செலவு செய்வதற்குப் புதிது வாங்கலாம்' என்ற பேச்சு வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. பாகங்களையும் கூலியையும் கூட்டினால் ஒரு சாதாரணப் புதுச் சைக்கிளின் விலையைத் தொடலாம். எல்லாவற்றையும் நாமே செய்வதென்றால் ஒரே ஒரு முறை பயன்படும் கருவிகளை வாங்க வேண்டிவரும். வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. கேபிள், பிரேக் கட்டை, செயின், டயர், டியூப் என் பங்கு. பெடல் அச்சின் பேரிங், வீல் கோட்டம், கியர் மாற்றியின் காதை நேராக்குவது ஆகியவை மெக்கானிக்கின் பங்கு.

வீட்டு வேலையில் பலர் தவறாகத் தூக்கிப்போடும் பாகம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவர். தள்ளினால் உள்ளே போகும், விட்டால் திரும்பும், 'டிக்' என்ற சத்தம் மட்டும் வராது, கியரும் மாறாது. உடைந்துவிட்டது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் உடைந்திருக்காது. உள்ளே கம்பெனி வைத்த கிரீஸ் மெழுகாக உறைந்து, சிறிய நாக்குகளைப் பல்சக்கரத்தில் விழவிடாமல் பிடித்திருக்கும். மூடியைக் கழற்றி, மெல்லிய எண்ணெயை உள்ளே பீய்ச்சி, ஐம்பது அறுபது முறை தள்ளிக்கொண்டே இருங்கள். என்னுடையது நாற்பதாவது முறைக்குப் பக்கத்தில் முதல் 'டிக்' சொன்னது. பழுப்பு நிறத்தில் ஒழுகியதைத் துடைத்துவிட்டு, புதிதாக லேசான எண்ணெய் விட்டேன். பின் வீல் முன்னோக்கிப் பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றினால் அதற்கும் பெரும்பாலும் இதே உறைந்த கிரீஸ்தான் காரணம்.

கிரீஸுக்கும் மலைச் சைக்கிளுக்கும் உள்ள உறவு ஆதியிலிருந்தே தொடர்வது. 1976-இல் கலிஃபோர்னியாவின் டமால்பயஸ் மலைப்பகுதியில் இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் ஓட்டத் தொடங்கினார்கள். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பின் வீலின் நடுக்குடத்துக்குள் (ஹப்) இருக்கும் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். மீண்டும் அடைத்தல் என்ற பொருளிலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

செயினை அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள், அளக்காமல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

டயர் வாங்கும்போது '26 அங்குலம்' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பக்கச்சுவரில் 559 என்ற எண் இருக்க வேண்டும். 590 என்று இருப்பதும் 26 அங்குலம் என்றே விற்கப்படுகிறது, ஆனால் அது வேறு ரிம்முக்கானது.

பிரேக்கில் பழையதைச் சீர்செய்வதா, டிஸ்க்குக்கு மாறுவதா என்ற கேள்வி வரும். பிரேமில் அதற்கான பிடிப்பு இல்லாவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நல்ல கட்டையும் புதுக் கேபிளும் போட்டால், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் நன்றாகவே நிறுத்தும். ஏற்கனவே ஹைட்ராலிக் டிஸ்க் இருந்தால், லீவரில் எந்தத் திரவம் என்று படித்துவிட்டு ஊற்றுங்கள். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் (DOT) என்ற வகைப் பிரேக் திரவமோ, அதற்கு மாறாகவோ போனால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

கடினமான முடிவு முன் ஃபோர்க்கில்தான். 1990-களின் பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் போன்ற எலாஸ்டோமர் துண்டுகள் இருந்தன. அவை இன்று கல்லாகவோ தூளாகவோ ஆகியிருக்கும். சீல்களும் துண்டுகளும் கிடைத்தால் சீர்செய்யலாம். புது ஃபோர்க் வாங்கலாம் என்றால், இன்று வருபவற்றில் பெரும்பாலானவற்றின் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாகப் பருத்திருக்கும், பழைய பிரேமின் நேர்க்குழாயில் நுழையாது. நான் ஸ்பிரிங்கே இல்லாத எஃகு ஃபோர்க்கைப் போட்டேன், பழைய ஃபோர்க்கின் உயரத்துக்குச் சமமாக இருப்பதைத் தேடி. கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் கை கொஞ்சம் அதிரும். மண்பாதையில் சைக்கிள் லேசாகி, திருப்பிய பக்கம் உடனே திரும்புகிறது.

முதல் நாள் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும், பையில் ஆலன் கீ கட்டும் ஸ்பேனரும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் பெடல் தண்டின் போல்ட்டையும் ஹேண்டில் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். புதுக் கேபிளின் உறைகள் முதல் வாரத்தில் கொஞ்சம் அமுங்கி, கியர் ஒரு பல் தயங்கும். லீவர் அருகே கேபிள் நுழையும் உருளைத் திருகை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.