முதுகெலும்புக்குப் பரவிய புற்று: கதிர் மட்டுமா, கத்தியும் வேண்டுமா?

மார்பகப் புற்றுநோய் குணமாகி நான்காம் வருடம் அத்தைக்கு முதுகுவலி வந்தது. தேய்மானம் என்று நாங்களே முடிவுகட்டி மூன்று வாரம் தைலம் தேய்த்தோம். படுத்தால் வலி கூடியது. இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினார். அப்போதே உறைத்திருக்க வேண்டும். கால் மரத்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தோம். மார்புக்கு நேரே ஒரு முள்ளெலும்பு இடிந்து, கட்டியோடு சேர்ந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

உடனே ஸ்டீராய்டு ஊசி. அப்புறம் இரண்டு வழி சொன்னார்கள்: பத்து நாள் ரேடியேஷன் (கதிர்வீச்சு) மட்டும், அல்லது ஆபரேஷனில் அழுத்தத்தை எடுத்து, ராடும் ஸ்க்ரூவும் வைத்து, புண் ஆறியதும் ரேடியேஷன். முன்னதில் மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. மாமாவின் ஓட்டு அதற்கே.

நான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தது கால்களுக்காக. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் பாச்செல் குழுவின் ஆய்வு வந்தது, 101 நோயாளிகள். இரண்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57. நடை நீடித்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் கூட, பாதிப் பேருக்குக் குறைவு) 122 நாள், ரேடியேஷன் மட்டும் என்றால் 13. “122 நாள்தானா?” என்றார் மாமா. பெட்பானை எடுத்து வந்தாலே அழுதுவிடும் அத்தைக்கு, தானே கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கணக்குதான். அதோடு, இடிந்த எலும்பைக் கதிர் தூக்கி நிறுத்தாது. காலும் காத்திருக்காது: நடந்தபடி சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு நடை பெரும்பாலும் தங்குகிறது, கால் முழுதாகச் செயலிழந்து இரண்டு நாள் தாண்டினால் திரும்புவது அரிது.

எல்லோருக்கும் இதே கணக்கு இல்லை. எதிர்வீட்டுக்காரருக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. ரேடியேஷனிலேயே கட்டி சுருங்கிவிட்டது. மைலோமா, லிம்போமா (நிணநீர்ப் புற்று) போன்றவை கதிருக்கு எளிதில் கரைபவை. அந்த ஆய்வில் இவற்றைச் சேர்க்கவேயில்லை. ஆயுள் மூன்று மாதத்துக்குள் என்றால் புண்ணோடு படுக்க வைப்பதும் நியாயமில்லை. முன்பு புற்றுநோயே இல்லாதவருக்கு முதலில் பயாப்சி, அதாவது கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது. கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்து அதிகக் கதிர் தரும் ஸ்டீரியோடாக்டிக் ரேடியேஷனை நாங்கள் அனுபவித்துப் பார்க்கவில்லை. கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும் என்று அத்தைக்கு மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் ஆபரேஷன்தான் செய்தோம். புண் ஆற நாளாகி, ரேடியேஷன் ஐந்தாம் வாரம்தான் தொடங்கியது. அதுவரை மாமாவை ஏறிட்டுப் பார்க்கவே தயங்கினேன். இது எட்டாவது மாதம். வாக்கர் பிடித்துக் கொல்லை வரை போகிறார், குனியத்தான் முடியவில்லை.