இடைவெளிக்குப் பின் முதல் செவிலியர் பணி: சிறிய மருத்துவமனையா, பெரியதா?

செவிலியர் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடியபோது எனக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இருபது படுக்கைகள் கொண்ட ஒரு சிறிய மருத்துவமனை மறுநாளே வந்து சேரச் சொன்னது; பெரிய மருத்துவமனை ஒன்று, குறைந்த சம்பளத்தில் ஆறு மாதம் பயிற்சிச் செவிலியராக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. நான் பெரியதில் சேர்ந்தவள் என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சம்பளத்திலும் சேரும் வேகத்திலும் சிறிய மருத்துவமனைதான் மேல். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பெரிய இடத்திலோ, இதயம் நின்றவருக்கு முதலுதவி செய்யத் தெரியும் என்பதற்கான, காலாவதியான என் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழைப் புதுப்பித்துவரச் சொன்னதோடு, நேர்காணலன்றே ஒரு பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக் காட்டவும் சொன்னார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: இரவுப் பணியில் என்னுடன் யார் இருப்பார்கள்? சிறிய மருத்துவமனையில், "ஒருவர்தான், டாக்டர் போனில் இருப்பார்" என்றார்கள். அதன் பொருள் எனக்கு உறைத்தது பெரிய மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில்தான். 500 மி.லி. சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்றும்படி குறிப்பு இருந்தது, ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் (சிறு சொட்டுகளாக விழும் குழாய்) என்று நினைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 125 சொட்டு என்று கணக்கிட்டுவிட்டேன். அருகில் நின்ற மூத்த செவிலியர் ஒன்றும் பேசாமல், அந்தக் குழாயின் பிரித்துப்போட்ட உறையை எடுத்து, மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அதில் அச்சாகியிருந்த 20 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். சரியான விடை 42 சொட்டு. என் கணக்குப்படி விட்டிருந்தால் 80 நிமிடத்தில் பாட்டில் காலியாகியிருக்கும், அதுவும் இதயம் பலவீனமான ஒரு முதியவருக்கு. சூத்திரம் எனக்கு மறக்கவில்லை, உறையைப் பார்க்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்றவற்றை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வார்டின் விதி. இரவில் ஒருவரே இருக்கும் இடத்தில் அந்த இரண்டாமவருக்கு எங்கே போவது?

சிறிய இடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அத்தகைய மருத்துவமனையில் சேர்ந்த என் தோழி ஆறே மாதத்தில் குழந்தைகளுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடப் பழகிவிட்டாள். அப்போது நான் பெரியவர்களுக்குப் போடவே தடுமாறிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுடன் எல்லா ஷிஃப்டிலும் அனுபவமுள்ள ஒரு செவிலியர் இருந்தார். அப்படி ஒருவர் இருந்திருந்தால் நானும் சிறியதையே தேர்ந்திருக்கக்கூடும். இந்த இரண்டும் அல்லாத இன்னொரு வழியான, நோயாளியின் வீட்டுக்கே சென்று பார்க்கும் பணியில் எனக்கு இரண்டு வார அனுபவம்தான். முதல் வேலைக்கு அது ஏற்றதன்று என்று தோன்றினாலும், அதை வைத்து அழுத்திச் சொல்லமாட்டேன்.

பெரிய மருத்துவமனையில் நான் செய்த பிழை ஒன்று: பயிற்சி முடிந்ததும் சம்பளம் எப்போது உயரும் என்பதை எழுத்தில் வாங்கவில்லை. ஏழாவது, எட்டாவது மாதங்களையும் பயிற்சிச் சம்பளத்திலேயே ஓட்ட வேண்டியிருந்தது.