கைப்பையில் ஒரு மரண அறிவித்தல்

மட்டக்களப்பில் பேட்டன்ட் தோல் (கண்ணாடிபோல் மின்னும் பூச்சுள்ள தோல்) கைப்பையோ சப்பாத்தோ வைத்திருப்பவர்கள், அதைத் துப்புரவு செய்யக் கடையில் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

கனடாவிலிருந்து அக்கா கொண்டுவந்த வெள்ளைக் கைப்பை அது. முகம் பார்க்கலாம், அப்படி மின்னும். களுவாஞ்சிகுடியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்தபோது மூலையில் கறுப்பாக ஓர் உரசல். பஸ்ஸின் கம்பியில் பட்டிருக்க வேண்டும். நகரில் சப்பாத்துத் திருத்தும் கடையொன்றில் கொடுத்தேன். "இரண்டு நாளில் புதியதாக்கித் தருகிறேன் அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. 1,500 ரூபாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா அக்கா?" என்று சிரித்தார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வீட்டில் பொதியைப் பிரித்தேன். தின்னர் வாடை குப்பென்று அடித்தது. உரசல் போயிருந்தது, கூடவே பளபளப்பும் போயிருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. சுற்றியிருந்த பழைய பத்திரிகையை உரித்தெடுத்தால், அதன் எழுத்துகள் வெள்ளைத் தோலில் இடம் வலமாகப் பதிந்திருந்தன. கண்ணாடி முன் பிடித்து வாசித்தேன்: மரண அறிவித்தல். பூட்டுக்கு நேர் கீழே "காலமானார்". கல்யாண வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பேட்டன்ட் தோலின் மினுக்கம் முழுவதும் மேலே பூசிய படலத்தில்தான் இருக்கிறது. முன்பு ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் பூசினார்கள். இப்போது பெரும்பாலும் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் அதை இளக்கிவிடும். அச்சு மையையும், அருகில் வைத்த கறுப்புப் பையின் சாயத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். இறங்கிய கறை பிறகு போகாது. சாதாரணப் பொலிஷ் உள்ளே ஊறாமல் மேலே மங்கலாகப் படியும். ஈரத்துணியில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம், பிறகு உலர்ந்த பருத்தித் துணி. முதலில் இதைச் செய்து பார்த்திருக்கலாம். நமது வாவிக்கரைப் புழுக்கத்தில் பொலித்தீன் பையில் கட்டி வைத்தாலும் பிசுபிசுத்துப் போகும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தப் போத்தலால் துடைக்கப்போகிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

திரும்பப் போய்க் காட்டினேன். "பழைய பை அக்கா, தோல் செத்துவிட்டது" என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால், பற்றுச்சீட்டு இல்லாமல் எதைக் காட்டுவது? இன்னும் ஆயிரம் ரூபா கொடுத்தால் கறுப்பு ஸ்பிரே அடித்துத் தருவாராம்.