உரக்கடை ‘கதிர் டானிக்’: அரை லிட்டரில் ஐந்து மில்லிகிராம்

அரை லிட்டர் பாட்டில், பச்சை லேபிள், அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு நெற்கதிர்ப் படம். விலை நானூறு ரூபாயை ஒட்டி. யூரியா வாங்கப் போனால் இதையும் சேர்த்துத்தான் பில் போடுகிறார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கு பல பெயர்களில் விற்கிறது.

“டீச்சர், தொண்டைக்கதிரில் ஒரு தடவை அடித்துவிடுங்கள், பதரே இருக்காது” என்றார் கடைக்காரர். கதிர் உறைக்குள் பருத்து நிற்கும் பருவத்தைச் சொல்கிறார். நான் மன்னார்குடிப் பக்கம் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்கும் வழக்கமில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஜிபெரலிக் அமிலம் 0.001 சதவீதம்’ என்று இருந்தது. தண்டை நீட்டி வளர்க்கும் ஜிபெரலின் வகைப் பயிர் ஹார்மோன் அது. கணக்குப் போட்டால் அரை லிட்டரில் 5 மில்லிகிராம். ஏக்கருக்கு அவர்கள் சொல்லும் அளவு நூறு மில்லிக்கும் குறைவு என்பதால், ஒரு ஏக்கர் பயிருக்குப் போய்ச் சேர்வது ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

ஹார்மோன் என்பதே சொற்ப அளவில் வேலை செய்யும் பொருள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜிபெரலிக் அமிலம் நெல்லில் கண்கூடாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அங்கே எவ்வளவு போடுகிறார்கள் என்று பாருங்கள். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில், ஆண்மலடான (தன் மகரந்தம் பயன்படாத) தாய்ப் பயிரின் கதிர் கண்ணாடி இலையின், அதாவது கடைசி மேல் இலையின், உறையிலிருந்து முழுதாக வெளியே வராது. அடிப்பாதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மகரந்தம் எட்டாத பூவில் மணி ஏது? அதனால் கதிர் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது எக்டேருக்கு 60 கிராம் வரை தெளிக்கிறார்கள். மேல் கணுவிடைப் பகுதி நீண்டு கதிரை வெளியே தள்ளுகிறது. அந்தப் பொடி தண்ணீரில் சரியாகக் கரையாது. முதலில் எரிசாராயத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். எக்டேருக்கு 60 கிராம் என்பது ஏக்கர் கணக்கில் 24 கிராம். இந்தப் பாட்டிலிலிருந்து அதை எடுக்க வேண்டுமானால் 4,800 பாட்டில் வாங்க வேண்டும்!

ஆந்திரா பொன்னி நட்ட வயலில் வரப்புக்கு ஒரு பக்கம் தெளித்தேன், மறுபக்கம் வெறுமனே விட்டேன். தெளித்த பக்கத்தில் ஒரு வாரம் இலை கொஞ்சம் தளதளப்பாகத் தெரிந்தது. தை அறுப்பில் இரண்டு பக்கக் கதிர்களையும் உருவி உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் கருக்காய் (நிரம்பாத மணி) ஏறத்தாழ ஒரே அளவில்தான் மிதந்தது.

அது எனக்கு வியப்பாக இல்லை. ஒரே கதிரில் நுனிப் பக்கத்துப் பூக்கள் முதலில் மலர்ந்து முதலில் பால் பிடிக்கின்றன. அடிக்கிளைப் பூக்கள் பிந்துகின்றன, பதராவதும் பெரும்பாலும் அவைதான். மார்கழி மேகமூட்டத்தில் வெயில் குறைந்தால் இன்னும் மோசம். இதில் வேறு ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பிந்திய மணிகளில் எத்திலீன் மிகுந்தால் நிரம்புவது தடைப்படுகிறது. அப்சிசிக் அமிலம் ஓரளவு கூடினால் தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்து மணிக்கு இறங்க உதவுகிறது. மணிகளின் எண்ணிக்கையோ அதற்கும் முன்பே, கதிர் உருவாகும்போதே, சைட்டோகைனின் என்ற ஹார்மோனின் கையில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் ஹபட்டாக்கி என்ற ரகத்தில் அதிக மணி ஏன் என்று துருவிப் பார்த்தார்கள். சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதியின் மரபணு அதில் மந்தமாக இருந்தது. சிதைவு குறைய, ஹார்மோன் தங்கியது, மணி கூடியது. மணியின் எடைக்கு ஆக்சின் என்ற ஹார்மோனோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவை 2013இல் அடையாளம் கண்டார்கள். அதன் செயலிழந்த வடிவம் இருந்தது கசலாத் என்ற நம் நாட்டு நெல்லில். எந்த ஹார்மோன், எந்தத் திசுவில், எந்தக் கட்டத்தில் என்று செடி பிரித்து வைத்திருக்கும் வேலைகள் இவை. ஜிபெரலினை மட்டும் கரைத்து இலைமேல் தெளித்துப் பதரை ஒழிப்பேன் என்பது விளம்பரத்துக்குத்தான் சரி.

எனக்குச் சிரிப்பு வரவழைத்தது வேறு. 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் சாயாமல் நின்றதே ஜிபெரலின் குறைவினால்தான். அதை உண்டாக்கும் நொதிகளில் ஒன்றின் மரபணு பழுது, தண்டு குட்டை. 2002இல் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். இன்றைய குட்டை ரகங்கள் பலவற்றில் அந்தப் பழுதைப் பாடுபட்டுப் புகுத்திவிட்டு, இல்லாததைக் கடையில் வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். நல்லவேளை, ஒரு மில்லிகிராமுக்கு அதைச் சாய்க்கும் வலுவில்லை.

நான் போட்டிருக்கும் மாப்பிள்ளைச் சம்பா நெல்லுக்கும் ஒரு பாட்டில் எடுக்கச் சொன்னார் கடைக்காரர். அது எந்த டானிக்கும் இல்லாமலே இடுப்புக்கு மேல் வளர்ந்து காற்றில் படுத்துவிடும் ரகம். படுத்த கதிர் மழையில் நனைந்து வயலிலேயே முளைக்கும்போது, மணிக்குள் மாவைக் கரைக்கும் நொதியைக் கிளப்புவதும் இதே ஜிபெரலின்தான் என்றேன். அவர் அடுத்த ஆளுக்குப் பில் போடத் திரும்பிவிட்டார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஒன்று. சதவீதத்தை ஒளிக்காமல் அச்சிட்டதற்காக அது. மூடி ஒழுகுகிறது, அளவுக் குப்பியும் தரவில்லை. விதை உற்பத்தி செய்பவர்கள் 90 சதவீதப் பொடியாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு நெல் போடுகிறவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தெளிப்பே போதும்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், யூரியா 2 கிலோ, டி.ஏ.பி. 4 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. கதிர் உருவாகும்போது ஒரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி எடுங்கள். இல்லாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.